மன்னார்குடி வீட்டுக் குளியலறை: டைல்ஸ் வாங்கும் முன் மேஸ்திரியைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் டிசம்பர் பள்ளி விடுமுறை விட்டதும் மன்னார்குடிக்குக் கிளம்பினோம். இந்த முறை முடித்தே ஆக வேண்டிய வேலை அம்மாவின் குளியலறை. எழுபதைத் தாண்டியவர். வழவழத்துப் போன தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். சுவரில் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல வெள்ளை டைல்ஸ் நெஞ்சு உயரத்துக்கு மட்டும். அதற்கு மேலே வெறும் பூச்சு. ஓதம் ஏறி, பக்கத்து அறைச் சுவரிலும் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து இப்படியொரு வேலையை எடுப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தஞ்சாவூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். உபசரிப்பில் குறையில்லை. அறையின் அளவைச் சொன்னதும் திரையில் படம் போட்டே காட்டினார்கள். ஆனால் விற்பனையாளருக்கு இரண்டுக்கு நான்கு அடி பளபளப்பு டைலைத் தவிர வேறொன்றைக் காட்ட மனமே வரவில்லை. "ஜாயிண்டே தெரியாது சார், ஓட்டல் மாதிரி இருக்கும்." தரைக்கு அதே டிசைனில் இரண்டுக்கு இரண்டு. எங்கள் அறை ஐந்துக்கு ஏழு அடி. தண்ணீர் வடியத் தரைக்கு வாட்டம் எப்படி வரும் என்று கேட்டேன். "அதெல்லாம் மேஸ்திரி பாத்துப்பாரு" என்றார். வயதானவர் குளிக்கும் இடம் என்று சொன்ன பிறகும் இப்படிப் பதில் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

மறுநாள் பக்கத்துத் தெருக்காரர் சொல்லி ஒரு டைல்ஸ் மேஸ்திரி வந்தார். டிசைன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் சாக்பீஸால் குறி வைத்தார். அங்கிருந்து தரைக்கு அளந்து பார்த்து, "தண்ணி ட்ராப்புக்கு வரலைங்க, கமோடு பக்கம் ஒதுங்குது" என்றார். ட்ராப் என்பது தரையில் தண்ணீர் வெளியேறும் வாய். பிறகு அம்மாவிடம், "எந்தக் கைய ஊனி எந்திரிப்பீங்கம்மா?" என்று கேட்டார். "வலது கைதான் தம்பி, இடது முட்டி சரியா மடங்காது" என்றார் அம்மா. கைப்பிடிக் கம்பி எங்கே வர வேண்டும் என்பது அந்த நிமிடமே முடிவானது. அந்தச் சுவரில் டைலுக்குப் பின்னால் பொக்கு இல்லாமல் கலவை நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை போடும்போது டைல் விண்டுவிடும் என்று சித்தாளிடம் அப்போதே சொல்லி வைத்தார்.

தரைக்கு ஒன்றுக்கு ஒன்று அடி மேட் (பளபளப்பில்லாத) டைல் போதும் என்றார். காரணம் இதுதான். குளிக்கும் பகுதியில் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும், அதுவும் மூன்று பக்கமிருந்து ட்ராப்பை நோக்கி இறங்க வேண்டும். இரண்டு அடி டைல் வளையாது. அதை மூலைவாக்கில் வெட்டித்தான் இறக்க முடியும், வெட்டிய ஓரம் காலில் தட்டும். சின்ன டைல் வாட்டத்தோடு இறங்கிக் கொடுக்கும், ஜாயிண்ட் கோடுகள் கூடுவதால் ஈரக்காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். பெரிய டைல்தான் வேண்டுமென்றால் ட்ராப்பைச் சுவரோரம் நீளவாட்டில் வைத்து, தரை முழுவதையும் ஒரே பக்கமாகச் சரிக்கலாம். அதற்குப் பழைய குழாயை மாற்ற வேண்டும்.

சுவருக்கு ஒன்றுக்கு இரண்டு அடி டைல். அதைச் செங்கல் கட்டுப்போலப் பாதிக்குப் பாதி தள்ளிப் போட வேண்டும் என்பது என் ஆசை. மேஸ்திரி இரண்டு டைல்களை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தார். நடுவில் ஒட்டியிருந்தன, இரு நுனியிலும் மெல்லிய இடைவெளி. சூளையில் வேகும்போது நீள டைல் நடுவில் லேசாக மேடாகும். பாதிக்குப் பாதி தள்ளினால் ஒன்றின் மேடு அடுத்ததன் தாழ்ந்த நுனிக்கு நேரே வந்துவிடும், விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஓரமெல்லாம் தூக்கித் தெரியும். மூன்றில் ஒரு பங்கு தள்ளலாம், அல்லது நேராகவே போடலாம் என்றார். நேர் ஜாயிண்ட் என்று முடிவு செய்தோம். கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவரில் முழு டைல், வெட்டுத் துண்டெல்லாம் கதவுக்குப் பின் மூலையில். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டுத்தான் எத்தனை பெட்டி என்றே சொன்னார்.

பழைய டைலை உடைக்காமல் மேலேயே ஒட்டலாமா என்றும் கேட்டேன். சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புது வீடுகளில் முதல் 3 ஆண்டுகள் குளியலறை டைலைப் பெயர்க்க அனுமதி இல்லை. அதனால் மேலேயே ஒட்டுவது அங்கே வெகு சாதாரணம். மேஸ்திரி கரணைக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் டொக்கு டொக்கென்று பொக்குச் சத்தம். அந்த டைல் விழுந்தால் புது டைலும் கூடவே விழும். தரையிலும் ஒரு அங்குலம் ஏறினால் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும். உடைக்கத்தான் வேண்டியிருந்தது.

உடைத்த பிறகு குழாய்கள் போகும் வழியை அளவு டேப்போடு படமெடுத்து வைத்தேன். பின்னால் ஆணி அடிக்கும் யாருக்கும் அது தேவைப்படும். சுவரைப் புதிதாகப் பூசி, தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட்டு. பிறகு ட்ராப்பை அடைத்து, ஒரு பகல் ஒரு இரவு தண்ணீர் கட்டி வைத்தோம். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை இது. தயவுசெய்து விடாதீர்கள், டைல் போட்ட பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சுவருக்கு டைல் கம், தரைக்குச் சிமெண்ட் கலவை. வாட்டத்துக்காகத் தரையில் கனம் கூட்டிக் குறைக்க வேண்டும், கம் மெல்லிய படலமாகப் போடுவதற்கானது. சுவரில் பல் கரணையால் முழுப் பரப்புக்கும் இழுத்துத்தான் ஒட்டினார். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து ஒட்டும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, பொக்கு விழுவது அதனால்தான். சுவரின் அடி வரிசையை விட்டு இரண்டாம் வரிசையிலிருந்து ஏற்றி, தரையை முடித்த பிறகே அடி வரிசையை வைத்தார். சுவரில் வழியும் நீர் தரை டைலின் மேல் விழ வேண்டும், இடுக்கில் இறங்கக் கூடாது.

டைல்ஸை மன்னார்குடியிலேயே ஒரு சின்னக் கடையில் மேஸ்திரியோடு போய் எடுத்தோம். குஜராத் மோர்பியிலிருந்து வரும் சரக்குதான். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடைக்காரரே பார்த்துக் குட்டியானையில் ஏற்றினார். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கினோம், மீந்ததைப் பரணில் வைத்திருக்கிறோம். போர் தண்ணீரின் உப்புக்கறை கருநிறத்தில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் மணல் நிறம் எடுத்தோம். தரை ஜாயிண்டை அடைக்க எபாக்ஸி க்ரௌட் என்ற பிசின் கலவை போட்டது நான் அடம்பிடித்துச் செய்தது. விலை கூடுதல்தான், ஆனால் ஒயிட் சிமெண்ட்போலக் கறை குடிக்காது. இறுகுவதற்குள் துடைத்தாக வேண்டும் என்பதால் அதில் கை பழகிய ஒருவரை மேஸ்திரியே வரவழைத்தார்.

எங்கள் பக்கம் மார்கழியிலும் ஆடியிலும் புதுவீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். அதனால் பழுது வேலைக்கு நல்ல ஆள் அப்போது கிடைக்கிறார்கள், நமக்கும் டிசம்பர் விடுமுறையோடு ஒத்துப்போகிறது. ஒன்று மட்டும் கணக்கில் வையுங்கள்: அது மழை விட்டும் விடாத காலம், பூச்சு காய நேரமாகும். டைல் போடும் நாளை விமான டிக்கெட்டுக்கு நெருக்கமாக வைக்காதீர்கள்.