அல்பாக்கா குட்டிப் பெட்டி: தராசுக்கு முழு மதிப்பெண், பால் புட்டிக்கு இல்லை

அல்பாக்கா (கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டக இனப் பிராணி) வளர்க்கும் சிறிய பண்ணைகளுக்கென்று ஒரே பெட்டியில் அடைத்து விற்கப்படும் ஈற்றுக்காலப் பொருட்களைப் பற்றிய மதிப்பீடு இது. உள்ளே இருப்பவை: தொங்கு தராசு, அதோடு ஒரு துணித் தூளி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், 7 சதவீத அயோடின், தொப்புள்கொடியைத் தோய்க்கச் சிறு கிண்ணம், இரண்டு துண்டுகள், அரை லிட்டர் பால் புட்டி, ரப்பர் காம்பு, வயிற்றுக்குழாய், சீம்பால் பொடி இரண்டு பொட்டலம், குட்டிக்கு ஒரு கோட்டு, நான்கு பக்கக் கையேடு. ஐந்துக்கு மூன்று தரலாம். அளக்கும் சாமான்கள் அருமை. ஊட்டும் சாமான்கள் ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் செய்தவை. அவற்றை அல்பாக்கா பெட்டியில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தராசிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெட்டியில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும். 20 கிராம் மாற்றத்தைக்கூடக் காட்டுகிறது. தூளியைத் தொங்கவிட்டுப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். மாதம் நிறைந்து பிறந்த குட்டி பெரும்பாலும் 6 முதல் 9 கிலோ இருக்கும். ஐந்தரை கிலோவுக்குக் கீழே என்றால் குறைப்பிரசவமோ என்று பார்க்க வேண்டும்: முன்பற்கள் ஈறைத் துளைத்து வெளிவராமல் இருக்கும், காது நுனி துவண்டு கிடக்கும், கணுக்கால் தரையோடு படியும். முதல் நாளில் எடை சற்றே இறங்குவது வழக்கம். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 முதல் 250 கிராம் ஏற வேண்டும். 200 கிராமுக்கு ஒருமுறை தாவும் சாதாரணத் தராசில் இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை ஏறவில்லை என்றால் தாயின் மடியையும் குட்டியின் வாயையும் பார்த்தாக வேண்டும். குட்டி ஓயாமல் மடியை முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நன்றாகக் குடிக்கிறது என்று நம்பிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. வயிறு நிறைந்த குட்டி படுத்துவிடும், அல்லது ஓடும். காம்பு மாற்றிக் காம்பு தேடிக்கொண்டே இருப்பது பால் கிடைக்காத குட்டி. இதைக் கண் சொல்லாது, தராசு சொல்லும்.

தெர்மாமீட்டரும் நல்ல தேர்வு. முனை வளைகிறது, பத்து விநாடியில் அளவு காட்டுகிறது. ஆரோக்கியமான குட்டியின் ஆசனவாய் வெப்பம் 37.5 முதல் 38.9 டிகிரி செல்சியஸ். 37-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், பால் அப்புறம்தான். குளிர்ந்த குட்டிக்குச் சப்பவும் விழுங்கவும் வலுவிருக்காது, குடலும் மந்தமாகக் கிடக்கும். அப்போது வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போக வழியுண்டு. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை உடலின் இருபக்கமும் வைப்பது, முடி உலர்த்தும் கருவியால் ஈரத்தை விரட்டுவது இரண்டும் பயன் தரும். வைக்கோல் பரப்பிய கொட்டிலில் வெப்ப விளக்கு தொங்கவிடுவது தீ விபத்துக்கு அழைப்பு.

துண்டு இரண்டு எந்த மூலைக்கு? அல்பாக்கா தாய் குட்டியை நக்கி உலர்த்துவதில்லை. நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருப்பதால் மாடு போல நீட்டி நக்க முடியாது. மோந்து பார்த்து மெல்ல முனகுவாள், அவ்வளவே. வெயில் காய்ந்தால் குட்டி தானே உலர்ந்துவிடும். ஈரக்காற்றோ குளிரோ இருந்தால் அந்த வேலை நம்முடையது, அதற்குக் குறைந்தது ஆறு பெரிய துண்டுகள் வேண்டும். உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை உரிக்காதீர்கள். காய்ந்து தானே உதிரும்.

அயோடினை மாற்றிவிடுங்கள். 7 சதவீதக் கரைசல் மென்தோலைச் சுட்டுவிடக்கூடியது. தொப்புள்கொடியைச் சுற்றியுள்ள தோல் வெந்தால் அதுவே கிருமிக்கு வாசல். 0.5 சதவீதக் குளோரெக்சிடின் போதுமானது: 2 சதவீதக் கரைசல் ஒரு பங்கு, சுத்தமான தண்ணீர் மூன்று பங்கு. கிண்ணம் சரியான அளவு, தெளிப்பானைவிட இதுதான் நல்லது, கொடி முழுவதும் முங்குகிறது. பிறந்தவுடன் ஒருமுறை, முதல் நாளுக்குள் இன்னும் இரண்டு முறை. ஒருமுறை தோய்த்த மருந்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது.

இனி பால் புட்டி. பெட்டியில் மோசமான பொருள் இதுதான். காம்பின் அளவும் மென்மையும் சரி; நுனியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருக்கிறார்கள், அதுதான் கேடு. புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், இதில் ஒழுகுகிறது. அல்பாக்கா குட்டி சின்னச் சின்ன மிடறாக விழுங்கும். அதைவிட வேகமாக வரும் பால் மூச்சுக்குழலில் இறங்கும், மூன்றாம் நாள் நிமோனியாவாகத் தெரியும். வெட்டாத காம்பு வாங்கி, சூடாக்கிய மெல்லிய ஊசியால் ஒரே துளை போட்டுக்கொள்ளுங்கள்.

புட்டி கொடுக்குமுன் மூக்கைப் பாருங்கள். அல்பாக்கா மூக்கால் மட்டுமே சரியாக மூச்சுவிடக்கூடிய பிராணி. குளிர்ந்த கண்ணாடித் துண்டை நாசிக்கு நேரே பிடித்தால் இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். படியவில்லை, சப்பும்போது கன்னம் உப்பி வாயைத் திறந்து திணறுகிறது என்றால் நாசியின் பின்வழி பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். அந்தக் குட்டிக்குப் புட்டி வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

கையேட்டுப் படத்தில் மனிதக் குழந்தையைப் போல மடியில் மல்லாத்தி ஊட்டுகிறார்கள். தவறு. குட்டி நின்றபடியோ, கால்களை மடக்கி நெஞ்சு தரையில் பட உட்கார்ந்தபடியோ இருக்க வேண்டும். கழுத்து தாயிடம் குடிக்கும் கோணத்தில் நீள வேண்டும். சப்ப மறுக்கும் குட்டிக்குக் கையால் கண்ணை மறைத்தால் தாயின் வயிற்றடி இருட்டென்று நினைத்துக் காம்பைத் தேடும். வால் அடியில் இலேசாக வருடுவதும் தாய் மோந்து பார்ப்பதுபோல் வேலை செய்யும்.

வயிற்றுக்குழாய் கன்றுக்கானது, தடித்தது, வளையாதது. இதைப் பயன்படுத்தவே வேண்டாம். மெல்லிய மென்குழாய் வாங்கினாலும், போடும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்ற பிறகே தொட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: சப்பிக் குடிக்கும் பால் முதல் இரைப்பை அறையைத் தாண்டிப் போய்விடும், குழாயில் விடும் பால் அந்த அறையிலேயே தேங்கிப் புளிக்கும். சீம்பாலுக்கு, வேறு வழியில்லாதபோது மட்டும் குழாய்.

சீம்பால் பொடிக்கு வருவோம். அல்பாக்காவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போவதில்லை; எல்லாம் சீம்பாலில்தான். குடல் அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே பொட்டலத்தில் எத்தனை கிராம் ஐ.ஜி.ஜி. (அந்த எதிர்ப்புப் புரதம்) என்பது அச்சிட்டிருக்க வேண்டும். இதில் இல்லை, ‘துணை உணவு’ என்று மட்டும் இருக்கிறது. துணை உணவு தாயின் சீம்பாலை ஈடு செய்யாது. நோயற்ற மந்தையின் ஆட்டுச் சீம்பாலோ மாட்டுச் சீம்பாலோ உறைய வைத்திருப்பது இந்தப் பொடியைவிட மேல். மாட்டுச் சீம்பாலென்றால் பிரிக்ஸ் மானியில் (சீம்பாலின் செறிவைக் காட்டும் கருவி) 22-க்கு மேல் காட்டுவதை எடுத்து வையுங்கள். உருக்கும்போது தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது, மைக்ரோவேவ் வேண்டாம், புரதம் கெட்டுவிடும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 7 கிலோ குட்டிக்கு 700 மி.லி., தடவைக்கு 100 மி.லி.யாக.

ஆனால் ‘பிறந்தவுடன் எல்லாக் குட்டிக்கும் ஒரு பொட்டலம்’ என்கிறது கையேடு. இது வேண்டாத வேலை. நல்ல குட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழும், நான்கு மணி நேரத்துக்குள் தாயிடம் குடிக்கும். வயிற்றைப் பொடியால் நிரப்பினால் மடியைத் தேடாது. அதற்குள் நாம் செய்ய வேண்டியது, தாயின் நான்கு காம்பிலும் அடைத்திருக்கும் மெழுகைப் பீய்ச்சி எடுத்துவிட்டு விலகி நிற்பது. நான்கு மணி தாண்டியும் குடிக்கவில்லை என்றால்தான் புட்டி. போதுமான எதிர்ப்புப் புரதம் சேர்ந்ததா என்பதை 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை காட்டும்: ஐ.ஜி.ஜி. டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் நல்லது, 800-க்குக் கீழே என்றால் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவதைப் பற்றி மருத்துவரோடு பேச வேண்டும்.

கோட்டு உறுத்தாமல் பொருந்துகிறது. பின்கால் பட்டைதான் தொல்லை. ஆண் அல்பாக்கா பின்பக்கமாகச் சிறுநீர் கழிப்பதால் ஒரே நாளில் நனைந்து நாறும்; கழற்றிவிட்டு வயிற்றுப் பட்டையை மட்டும் கட்டுங்கள். வாசனை சோப்பில் துவைக்க வேண்டாம், தாய் குட்டியை மணத்தால் அறிபவள். வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றுங்கள்.

தொடர்ந்து புட்டியில் வளரும் ஆண் குட்டியைப் பற்றிக் கையேடு எச்சரிக்காதது பெரிய குறை. கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினால் அது மனிதரைத் தன் இனமென்று எண்ணி வளரும். பருவம் வந்ததும் ஆளை முட்டித் தள்ளும். ஊட்டும் நேரம் தவிர மந்தையோடே விடுங்கள்.

வாங்குவதானால் சினைக்காலத்தின் பத்தாம் மாதத்திலேயே பெட்டியைத் திறந்துவிடுங்கள். சினைக்காலம் பதினொன்றரை மாதம் என்றாலும் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும். தராசின் பேட்டரி, பொடியின் காலாவதித் தேதி, காம்பின் துளை மூன்றையும் அன்றே சரிபாருங்கள்.