தண்ணீரா, கரண்ட்டா? டேட்டா சென்டரைக் குளிர வைக்கும் கணக்கு

ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி இணைய வேலைகளை ஓட்டும் கட்டடம்தான் டேட்டா சென்டர். அதை நடத்துகிறவர்கள் பெருமையாக நீட்டுவது பியூஈ என்கிற எண்ணைத்தான். மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தைக் கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. சரி, இதில் தண்ணீர் எங்கே? கணக்கிலேயே இல்லை.

சர்வர் எனும் அந்தக் கணினிகள் தின்கிற மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கி அந்தச் சூட்டை வெளியேற்றினால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஆகும். 10 மெகாவாட் சென்டர் ஒன்று நாள் முழுக்க இப்படியே ஓடினால் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 30 லோடு. உப்பு ஏறாமலிருக்க டவரிலிருந்து அவ்வப்போது திறந்துவிடும் தண்ணீர் தனி. ஏசி மாதிரி கம்ப்ரசரும் ஃபேனும் வைத்துச் சூட்டைக் காற்றில் தள்ளினால் தண்ணீர் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் கரண்ட் கூடும், பியூஈ ஏறும், அறிக்கையில் அழகு குறையும்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சிற்றூரில் 2021-இல் தன் டேட்டா சென்டர்களுக்காகக் கூகுள் எடுத்த தண்ணீர் சுமார் 35.5 கோடி கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்), ஊர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல். இந்தக் கணக்கைக் கேட்ட பத்திரிகைக்கு எதிராக நகராட்சி கோர்ட்டுக்கே போய், 2022 கடைசியில்தான் இறங்கி வந்தது. வறட்சியில் தவித்த சிலியிலும் உருகுவேயிலும் மக்கள் விடவில்லை. இரண்டு நாட்டுத் திட்டங்களையும் கூகுள் காற்றுக் குளிர்விப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், வறண்ட ஊருக்குக் காற்றுதான். கூடுதல் கரண்ட்டைச் சூரிய ஒளியில் எடுக்கலாம், உறிஞ்சிய நிலத்தடி நீரை எதில் எடுப்பது? ஆனால் அந்தக் கரண்ட் நிலக்கரி ஆலையிலிருந்து வந்தால் அங்கேயும் ஒரு கூலிங் டவர் ஆவி விட்டுக்கொண்டிருக்கலாம், அப்போது தாகம் ஊர் மாறுகிறது, அவ்வளவுதான்.

பின்லாந்தின் ஹாமினாவில் இந்தத் தொல்லையே இல்லை. பழைய காகித ஆலையை வாங்கிய கூகுள், அதன் சுரங்கம் வழியே வரும் குளிர்ந்த கடல்நீரால் வேலையை முடிக்கிறது. சென்னைக்கும் கடல் இருக்கிறதே என்றால், வங்கக் கடல் நீர் வருடத்தில் பெரும்பகுதி 28 டிகிரியை ஒட்டியே கிடக்கிறது, அந்த லாபம் இங்கே வராது. 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் குடத்தோடு நின்ற ஊர் இது. இங்கே டவர்தான் வேண்டுமென்றால் கோயம்பேட்டில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிற கழிவுநீரை வாங்கி ஓட்டட்டும், போர்வெல் போடுகிற வேலை வேண்டாம்.