அரிட்டாபட்டிக்கு ‘மரபு நடை’ என்று பணம் கட்டும் முன்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டிக்கு ‘மரபு நடை’ என்ற பெயரில் ஆட்களை அழைத்துப் போகும் ஓர் ஏற்பாட்டாளரிடம் எங்கள் குடும்பம் கடந்த மார்கழியில் ஏமாந்தது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்; அங்கே ஒரு கல்வெட்டுக்கு எங்கள் கண் முன்னே நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொல்லியல் படித்த வழிகாட்டி, குடைவரைக் கோயிலைத் திறந்து காட்ட முன்னேற்பாடு, ஊரார் வீட்டில் மதிய உணவு ஆகிய மூன்றையும் எழுத்திலேயே உறுதியளித்திருந்தார்கள். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார் அங்குள்ள லகுலீசர் என்ற சைவ ஆசானின் சிற்பத்தைப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். முழங்கால் வலியோடு இருப்பவரை அலைய வைக்கக் கூடாது என்றுதான், ஆளுக்கு 1,200 வீதம் ஐந்து பேருக்கு 6,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன்.

ஊரில் இறங்கியதும் ‘தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம்’ என்று தலைக்கு 100 ரூபாய் கேட்டார் வழிகாட்டி. அவர் கொடுத்த சீட்டில் முத்திரையும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தபோது, “இங்க எதுக்குப்பா டிக்கெட்டு? வந்தவுககிட்ட நாங்க காசு கேக்குறதில்லையே” என்று வருத்தப்பட்டார்.

இடைச்சி மண்டபம் என்று ஊரார் சொல்லும் அந்தப் பாண்டியர் குடைவரை பூட்டிக் கிடந்தது. பூசாரிக்கு யாரும் தகவலே சொல்லவில்லை. பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் ஆசானாகப் போற்றப்படும் லகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அரிது. அதை ‘பாண்டிய ராஜா’ என்று அந்த வழிகாட்டி சொல்ல, என் தந்தையார் பதில் பேசாமல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு சமணர் குகைக்குப் போனோம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழே, இம்மலையைத் திருப்பிணையன் மலை என்ற பழம்பெயரால் குறித்து, அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி என்று கூறி, ‘பாதிரிக்குடியார் ரட்சை’ (காவல்) என்று முடியும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. சிற்பத்தைக் காக்கும் பொறுப்பை ஓர் ஊராரிடம் ஒப்படைத்த வரி அது. அந்த வரியின் மேல்தான் வழிகாட்டி பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அழுத்தித் தேய்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, பழைய பிரஷ்ஷால் உரசினார். படத்தில் எழுத்து நன்றாக விழும் என்றார். “தம்பி, முதல்ல கையை எடுங்க” என்று என் தந்தையார் குரலை உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் காட்டினாலே பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும்; குழுவுக்குக் குழு இப்படி உரசினால் எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போகும்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டு, டங்ஸ்டன் கனிமச் சுரங்க ஏலத்துக்கு எதிராக மக்கள் போராடி 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தான பிறகு, இவ்வூரின் பெயர் எங்கும் பரவிவிட்டது. அந்தப் பெயரை வைத்துத்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மதிய உணவாக வந்தது வழியில் வாங்கிய பொட்டலச் சோறு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கோயில் பூட்டியிருந்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லி 500 ரூபாய் மட்டும் அனுப்பினார்கள்.

போக நினைப்பவர்கள் பூசாரியிடம் பேசிவிட்டதை உறுதி செய்துகொள்ளாமல் யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். முத்திரையில்லாத சீட்டுக்குப் பணம் தராதீர்கள். எழுத்தின் மேல் எவர் கை வைத்தாலும், உடன் வந்தவர்தானே என்று தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

தை மாதம் நாங்கள் மட்டும் ஒரு வாடகைக் காரில் மீண்டும் போனோம். முந்தின நாளே தகவல் சொல்லியிருந்ததால் பூசாரி வந்து கதவைத் திறந்தார். என் தந்தையார் லகுலீசர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குகைக்குப் போய் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, ‘ரட்சை’ என்ற சொல்லின் பள்ளங்களில் சாக்பீஸ் வெள்ளை அப்படியே இருந்தது.