சுகர் பூனைக்கு இரண்டு வேளையா, நாலு வேளையா, எப்போதும் நிறைந்த கிண்ணமா?

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைக்கு உணவு வைக்க மூன்று வழி இருக்கிறது. காலை, மாலை ஊசியோடு சேர்த்து இரண்டே வேளை வைக்கலாம். அதே அளவை நாலு பங்காகப் பிரித்து வைக்கலாம். அல்லது கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு, பசித்தபோது தின்னட்டும் என்று விடலாம். ஊசிக்கு மட்டும் இப்படித் தேர்வு கிடையாது. பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாள் தவறாமல் போட்டாக வேண்டும்.

நான் நாலு வேளைப் பக்கம். ஆனால் கடிகாரத்தைவிட முக்கியம், கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது. பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. இனிப்புச் சுவை அதற்குத் தெரியாது. சோறும் மாவும் தரும் சர்க்கரையைச் சட்டென்று கையாளும் திறனும் அதன் கல்லீரலுக்குக் குறைவு. கடையில் மூட்டையாகக் கிடைக்கும் உலர் தீவனத்தில் மாவுச்சத்து 30, 40 சதவீதம்கூட இருக்கும். சுகர் பூனைக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பவுச்சில் வரும் ஈர உணவு என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கிரேவி கெட்டியாக இருக்கப் பலவற்றில் மாவு சேர்க்கிறார்கள். உறையில் போட்டிருக்கும் புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (அதாவது தாதுக்கள்), ஈரப்பதம் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. இது எடைக் கணக்கு; மேலே சொன்ன 12 சதவீதம் கலோரிக் கணக்கு, இரண்டையும் நேராக ஒப்பிட வேண்டாம். சாம்பல் அளவு போடாத உறைகளும் உண்டு; ஈர உணவுக்கு அதை இரண்டு, மூன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், பால்சோறு. ஆயா கை வைத்து ஊட்டிப் பழக்கிய பூனையிடமிருந்து அதைப் பிடுங்குவது லேசான காரியமில்லை. ஆனாலும் சோற்றை நிறுத்தத்தான் வேண்டும், பாலையும்தான். பதிலுக்கு, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ மத்தியோ கொடுக்கலாம். வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டாம். பூனைக்கு அத்தியாவசியமான டாரின் என்ற சத்தில் ஒரு பகுதி அதில் கரைந்திருக்கும். மாதக்கணக்கில் வெறும் கோழிக் கறியையே கொடுத்தால் கால்சியம் பற்றாமல் போகும். அதனால் டாக்டர் சொல்லும் சத்துப் பொடியைச் சேர்க்க வேண்டும், அல்லது நல்ல ஈர உணவோடு மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இனி அந்த மூன்று வழிகள். நிறைந்த கிண்ணத்தை நான் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். எங்கள் வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஈர உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. ஆகவே நாள் முழுக்கக் கிண்ணத்தில் கெடாமல் கிடப்பது உலர் தீவனம் மட்டும்தான், அதாவது எதை நிறுத்த வேண்டுமோ அதுவே. வீட்டில் இரண்டாவது பூனை இருந்தாலோ, மாடி வழியாகத் தெருப்பூனை வந்து போனாலோ யார் எவ்வளவு தின்றது என்றே தெரியாது. சுகர் பூனைக்குப் பசி குறைந்ததை அன்றைக்கே கண்டுபிடிப்பது உயிர் காக்கும் விஷயம்.

இரண்டு வேளை முறைக்கு உண்மையான பலம் உண்டு. சத்துவாச்சாரியிலிருந்து காலையில் கிளம்பி ராணிப்பேட்டை கம்பெனிக்குப் போய் மாலை திரும்புகிறவருக்கு அதுதான் சாத்தியம். உணவு, ஊசி, கவனிப்பு மூன்றும் ஒரே நேரத்தில் முடியும். வைத்ததைத் தின்னாவிட்டால் ஊசிக்கு முன்பே தெரிந்துவிடும். அப்போது வழக்கமான முழு அளவைப் போடாமல் டாக்டரைக் கேட்கலாம். குறை என்னவென்றால், பூனை இயல்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தின்னும் பிராணி. நீண்ட இடைவெளி விட்டால் சில பூனைகள் அவசரமாக விழுங்கி வாந்தி எடுக்கும். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு வெளியே வந்துவிட்டது என்றால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம்.

நாலு வேளையில் ஊசி நேரத்தில் இரண்டு பெரிய பங்கு, நடுப்பகலிலும் படுக்கப் போகும் முன்பும் இரண்டு சிறிய பங்கு. கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் போடும் பூனைகளில் ஊசிக்குப் பின் சுமார் 4 முதல் 8 மணி நேரத்துக்குள் சர்க்கரை மிகவும் இறங்குவதை அதிகம் பார்க்கலாம். நடுவில் வைக்கும் சிறு பங்கு அப்போது கைகொடுக்கும். மாவுச்சத்து குறைந்த உணவால் பூனைக்குச் சர்க்கரை சட்டென்று ஏறுவதும் இல்லை. அதனால்தான் பங்கு பிரிப்பதில் இவ்வளவு தாராளம் கிடைக்கிறது. பகலில் ஆளில்லா வீட்டில், ஐஸ் பேக் வைக்கும் பேட்டரி டைமர் கிண்ணம் அந்த ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். மின்வெட்டு பயமும் இல்லை.

மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் நோன்பு மாதத்தில் வீட்டின் நேரமே மாறிவிடும். சஹர் என்ற விடியற்கால உணவு முடிந்து காலை 5.30, நோன்பு திறக்கும் முன் மாலை 5.30 என்று ஊசியை வைத்துக்கொண்டால் 12 மணி நேரம் சரியாக நிற்கும். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்ததும் இரவுப் பங்கு. பழைய நேரத்திலிருந்து இதற்கு மாறும்போது டாக்டரிடம் கேட்டுச் சிறுகச் சிறுக நகர்த்த வேண்டும்.

எந்த முறைக்கு மாறினாலும் சிரிஞ்சைப் பார்த்து வாங்குங்கள். கிளார்ஜின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்து. மருந்துக்கடையில் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான, சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சைக் கொடுத்து, அதில் கோடு பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும்.

உலர் தீவனத்தை நிறுத்தும்போதும் டாக்டருக்குச் சொல்லாமல் செய்யக் கூடாது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலைகூட வரும். பழைய அளவையே தொடர்ந்தால் ஆபத்து. வாரக்கணக்கில் கலந்து கலந்து மாற்றுங்கள். மாற்றும் நாட்களில் வீட்டிலேயே காது ஓரத்தில் குத்திக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். காட்பாடியில் ரயிலேற்றி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், பயத்திலேயே சர்க்கரை ஏறி எண் தவறாகக் காட்டும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அடையாளமாகப் பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டும் திரும்பாமல் துவண்டு கிடந்தாலோ ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு உடனே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். வலிப்பு வந்த பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.