பிரேயஸில் கப்பல் ஏறுமுன் டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்

போன ஜூலையில் அம்மா அப்பாவைக் கிரீஸுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள். ஏதென்ஸில் மூன்று நாள், அப்புறம் நாக்ஸோஸ் தீவில் ஐந்து நாள் என்று திட்டம். தீவுக்குப் போக வேகப் படகில் மூன்று டிக்கெட் ஓர் இணைய ஏஜென்சி வழியாக வாங்கினேன். டிக்கெட் 240 யூரோ, அவர்களுடைய சேவைக் கட்டணம் தனியாக 36 யூரோ. அந்த ஏஜென்சி எங்களை எப்படி ஏமாற்றியது என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு.

காலை ஏழு மணிப் படகு. ஐந்தே முக்காலுக்கே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கிவிட்டோம். அங்கே துறைமுகம் என்றால் ஒரே இடம் கிடையாது. இ1, இ2 என்று வரிசையாக வாயில்கள். மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருப்பது இ7. ரோட்ஸ் தீவுப் பக்கம் போகிற கப்பல்கள் நிற்கும் இ1 மறுகோடியில், நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல். எங்களுக்கு இ7. பெட்டிகளை உருட்டிக்கொண்டு உள்ளே போனால், படகு கட்டியிருக்கிறது, ஏறு பலகை தூக்கியே இருக்கிறது, ஒரு ஆள் இல்லை. எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பங்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

கப்பல் நிறுவனத்தின் டிக்கெட் கூண்டு திறந்ததும் விஷயம் தெரிந்தது. அபகோரெஃப்டிகோ. கிரேக்கத்தில் ‘தடை’ என்று பொருள். காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படக் கூடாது என்று உத்தரவு போடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். பெரிய கப்பல்களுக்கு, காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில், பொதுவாக 8 வந்தால் தடை. வேகப் படகுகளுக்கு அதற்கு முன்பே வந்துவிடும். அன்று வேகப் படகுகளுக்கு மட்டும் தடை.

காற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2000 செப்டம்பர் 26 இரவு, இதே வழித்தடத்தில், எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் பலத்த காற்றில் பாரோஸ் தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதி மூழ்கிச் சுமார் 80 பேர் இறந்துபோனார்கள். போகாதே என்று சொன்னால் போகாமல் இருப்பதுதான் சரி.

ஆனால் படகு ரத்து என்று முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே எல்லாருக்கும் குறுஞ்செய்தி போயிருக்கிறது. செய்தி கிடைத்தவர்கள் இரவே மாலைப் பெரிய கப்பலுக்கு மாறி இருக்கைகளைப் பிடித்துவிட்டார்கள். “எங்களுக்கு எதுவும் வரவில்லையே” என்றேன். கூண்டில் இருந்த பெண் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் மூன்று பேர் பெயரும் சரியாக இருந்தது. பெயருக்கு எதிரே இருந்த போன் நம்பர் என்னுடையது இல்லை. மின்னஞ்சலும் என்னுடையது இல்லை. இரண்டுமே ஏஜென்சியுடையவை. என் நம்பரை நான் அவர்களுக்குக் கொடுத்திருந்தேன். அதைக் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்காமல் தங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டார்கள். வந்த செய்தியை எங்களுக்கு அனுப்பவும் இல்லை.

டிக்கெட்டை மாற்றித் தரச் சொன்னேன். ஏஜென்சி போட்ட டிக்கெட், அவர்கள்தான் மாற்ற வேண்டும் என்றார் அந்தப் பெண். ஏஜென்சிக்குப் போன் போட்டால் பாட்டுதான் ஓடியது. நாற்பது நிமிடம் ஓடியது. வேறு வழியில்லாமல் மாலை ஐந்தரைக் கப்பலுக்குப் புது டிக்கெட் கைக்காசு போட்டு வாங்கினேன். நம்பர் போட்ட இருக்கை ஒன்றுகூட மிச்சமில்லை. மேல்தளம் மட்டும்தான்.

மேல்தள டிக்கெட் என்றால் உங்களுக்கென்று இடம் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். உள்ளே இருந்த சோஃபாக்களை முன்னாலேயே ஏறியவர்கள் பையைப் போட்டுப் பிடித்திருந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காற்று புடவையைப் பிடுங்குகிறது, அப்பா தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அம்மா காலில் சுற்றிவிட்டார். “விடுடா, நீ என்ன பண்ணுவ” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை வைக்கக் கீழே வண்டி நிறுத்தும் தளத்தில் தீவுப் பெயர் எழுதிய அடுக்குகள் இருக்கும். வேறு தீவின் அடுக்கில் வைக்காமல் உங்கள் தீவின் அடுக்கில் வையுங்கள். தீவு நெருங்கும்போதே கீழே வந்து நில்லுங்கள். கப்பல் பின்பக்கமாக வந்து கதவை இறக்கும், சில நிமிடத்தில் கிளம்பிவிடும். முழங்கால் வலியோடு அந்த இரும்புப் படிகளில் அவசரமாக இறங்குவது லேசு இல்லை.

மறுநாள் ஏஜென்சியிடமிருந்து மின்னஞ்சல். பணத்துக்குப் பதில் ஒரு வவுச்சர், ஓராண்டு செல்லும், சேவைக் கட்டணம் திரும்பாது. ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து அதை அழுத்தாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குவிதி, 18ஆம் பிரிவு: கப்பல் ரத்தானால் வேறு கப்பலில் கூடுதல் கட்டணம் இல்லாமல் போகலாம், அல்லது டிக்கெட் பணத்தை 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். எது என்று முடிவு செய்வது பயணி. வவுச்சர் கொடுக்க வேண்டுமென்றால் பயணி சம்மதிக்க வேண்டும். வானிலை காரணமென்றால் தாமதத்துக்கான நஷ்ட ஈடும் ஓட்டல் செலவும் கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் டிக்கெட் பணம் அதில் சேராது. ஏஜென்சிக்காரர்கள் “வானிலை, அதனால் பணம் இல்லை” என்று இரண்டையும் வேண்டுமென்றே குழப்பினார்கள்.

நான் கப்பல் நிறுவனத்துக்கே நேரடியாக எழுதினேன். (இந்த விதிப்படி இரண்டு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.) வந்த பதிலைப் படித்தபோதுதான் முழு அயோக்கியத்தனமும் புரிந்தது. ரத்தான மூன்றாம் நாளே 240 யூரோவையும் அவர்கள் ஏஜென்சிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணம் கைக்கு வந்த பிறகும் ஏஜென்சி என்னிடம் வவுச்சரை வாங்கிக்கொள் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தை என் கிரெடிட் கார்டு வங்கிக்கு அனுப்பி, ஏஜென்சிக்குப் போன பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரச் சொல்லிப் புகார் செய்தேன். ஆறு வாரத்தில் 240 வந்தது. 36 வரவில்லை.

திரும்பி வரும் டிக்கெட்டை நாக்ஸோஸ் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கடையில் நேரில் வாங்கினேன். கடைக்காரரிடம் என் நம்பரையும் அப்பா நம்பரையும் சொல்லி, அவர் அச்சடித்ததும் திரையில் இரண்டையும் சரிபார்த்தேன். கிளம்புகிற நாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா போன் மணி அடித்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்: “கப்பல் நாற்பது நிமிஷம் லேட்டாம். அம்மாவ மெதுவா கிளம்பச் சொல்லு.”