வால்-ஓ-மாட்: கட்சியை அளக்கும், ஆளை அளக்காது

பிள்ளையை ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ பக்கம் எம்.எஸ். படிக்க அனுப்பும் கோவை வீடுகளுக்கும், ஜெர்மன் பையருக்கு பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் கம்பெனிகளுக்கும் அந்த ஊர் அரசியல் வேடிக்கை பார்க்கிற சங்கதி அல்ல. கல்லூரிக் கட்டணமும் ஆர்டரும் அதில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு உதவும் இலவச இணையச் சேவை வால்-ஓ-மாட். தேர்தலில் நிற்கும் கட்சிகளில் எது நம் கருத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சதவீதத்தில் காட்டும். ஜெர்மன் அரசின் குடிமைக் கல்வி நிறுவனம் 2002 முதல் நடத்துகிறது. ஓட்டு இல்லாதவரும் போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே போனால் ‘இதைச் செய்ய வேண்டும்’ என்கிற மாதிரி வழக்கமாக 38 கொள்கை வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘சரி’, ‘நடுநிலை’, ‘தப்பு’ என்று மூன்று பொத்தான். வேண்டாம் என்றால் தாண்டலாம். கடைசியில் நமக்கு முக்கியமானவற்றைக் குறித்தால் அவற்றுக்கு இரட்டை மதிப்பு. கட்சிகளின் பதிலைக் கட்சிகளே எழுதிக் கொடுக்கின்றன, காரணத்தோடு.

கணக்கு எளிது. கட்சியின் பதிலும் நம் பதிலும் ஒன்றானால் 2 புள்ளி, ஒருவர் மட்டும் நடுநிலை என்றால் 1, நேர் எதிரானால் 0. தாண்டியது கணக்கிலேயே வராது. 8 வாசகத்தைத் தாண்டினால் மீதி 30, அதிகபட்சம் 60 புள்ளி. ஒரு கட்சிக்கு 42 வந்தால் 70 சதவீதம். அதில் 5 வாசகத்துக்கு இரட்டை மதிப்புக் கொடுத்து, ஐந்திலும் அந்தக் கட்சி எதிராக நின்றால் 70-க்கு 42 ஆகி, 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

இங்கேதான் பலரும் சறுக்குவது. விஷயம் புரியாதபோது ‘நடுநிலை’யை அழுத்துகிறார்கள். அது எதிரெதிர்க் கட்சிகள் இரண்டுக்குமே ஆளுக்கு 1 புள்ளியைத் தூக்கிக் கொடுக்கும். எல்லாக் கட்சியும் ஐம்பதை ஒட்டி நெருங்கி நிற்கும், முடிவு உப்புச்சப்பில்லாமல் போகும். புரியவில்லையா, தாண்டிவிடுங்க. வாசகம் ‘நீக்க வேண்டும்’ என்கிறதா, ‘தொடர வேண்டும்’ என்கிறதா என்றும் பார்த்து அழுத்த வேண்டும். 2025 நாடாளுமன்றத் தேர்தல் பதிப்பில் திருப்பூருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று இருந்தது: சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் மனித உரிமையும் சுற்றுச்சூழலும் காக்கப்படுகின்றனவா என்று ஜெர்மன் நிறுவனங்கள் தொடர்ந்து சோதிக்க வேண்டுமா என்பது. அதற்குக் கட்சிகள் சொன்ன காரணங்களை எக்ஸ்போர்ட் மேனேஜர்கள் முழுதாகப் படிப்பது நல்லது. சதவீதத்தைவிட அதில் சரக்கு அதிகம்.

குறை என்னவென்றால், இது பம்ப் மோட்டாரின் நேம் பிளேட் மாதிரி. எச்.பி. எவ்வளவு, ஹெட் எவ்வளவு என்று இருக்கும். லோ வோல்டேஜில் எப்படி ஓடும் என்று இருக்காது. கட்சி எழுதிக் கொடுத்தது தெரியும், ஆட்சிக்கு வரும் ஆள் என்ன செய்வார் என்பது தெரியாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமும் அதன் முதல்வராக இருந்த வின்ஃப்ரீட் கிரெட்ச்மனும் இதற்கு நல்ல சான்று. 1948-ல் பிறந்த இந்தப் பள்ளி ஆசிரியர், மாணவப் பருவத்தில் கம்யூனிஸ்ட் குழுவில் இருந்து, பிறகு பசுமைக் கட்சியை மாநிலத்தில் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1980-ல் சட்டமன்றம் போன அக்கட்சியின் முதல் ஆறு பேரில் இவரும் உண்டு. 2002-ல் சட்டமன்றக் கட்சித் தலைவரானார். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து 16 நாளில் வந்த 2011 தேர்தலில் கட்சி 24.2 சதவீதம் வாங்க, சிடியு என்ற பழமைவாதக் கட்சியின் 58 ஆண்டு ஆட்சி முடிந்து இவர் முதல்வரானார். 2016-ல் 30.3, 2021-ல் 32.6. அந்த 2021 தேர்தலில் இவருடைய சுவரொட்டி வாசகமே ‘உங்களுக்கு என்னைத் தெரியும்’. கொள்கை ஒன்றுமில்லை, முகம்தான்!

அந்த முகம் கட்சியோடு எப்போதும் ஒத்துப்போகவில்லை. 2014 செப்டம்பரில், செர்பியா, மாசிடோனியா, போஸ்னியாவைப் பாதுகாப்பான நாடுகள் என்று அறிவித்து, அங்கிருந்து வருபவரின் அகதி மனுவை எளிதில் தள்ள வழிசெய்யும் சட்டத்துக்குக் கட்சி பெரும்பாலும் எதிர்ப்பு. இவர் மாநிலங்கள் அவையில் ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2030-க்குப் பிறகு பெட்ரோல், டீசல் கார்களைப் புதிதாகப் பதியக் கூடாது என்ற கட்சி முடிவையும் ஏற்கவில்லை. டைம்லரும் போர்ஷேயும் இருக்கிற ஊர் ஆயிற்றே.

நம் பெற்றோரைத் தொட்டது கல்விக் கட்டணம். இவர் ஆட்சிதான் 2012-ல் எஸ்பிடி என்ற இடதுசாரிச் சார்புக் கட்சியோடு சேர்ந்து, எல்லா மாணவருக்கும் இருந்த கட்டணத்தை நீக்கியது. 2016-ல் கூட்டணி சிடியுவோடு மாறியது. 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அதே முதல்வர், அதே கட்சி. கூட்டணி மட்டும் வேறு. கூட்டணிப் பேரம் எப்படிப் போகும் என்று எந்த வாசகமும் முன்கூட்டிச் சொல்லாது.

அதனால் பயன்படுத்தும் முறை இப்படி இருக்கட்டும். தளத்தின் பழைய பதிப்புகள் பகுதியில் அந்த மாநிலத்தின் 2011, 2016, 2021 தேர்தல்களைத் திறந்து, ஒரே கட்சியின் பதிலையும் காரணத்தையும் வரிசையாகப் படியுங்க. பிறகு தேர்தலுக்குப் பின் வந்த கூட்டணி ஒப்பந்தத்தை எடுத்து, கல்வி, தொழில் பகுதிகளை மட்டும் ஒத்துப் பாருங்க. முழுதும் படிக்கத் தேவையில்லை. பள்ளி, போலீஸ், பல்கலைக்கழகம் மாநிலத்தின் கையில். விசா, குடியுரிமைச் சட்டம், சரக்கு அனுப்பும் கம்பெனிகளைச் சோதிக்கச் சொல்லும் சட்டம் எல்லாம் பெர்லினில், மத்திய அரசிடம். பின்னவற்றுக்கு நாடாளுமன்றத் தேர்தல் பதிப்பைத்தான் திறக்க வேண்டும்.

அங்கேயே குடியேறி ஜெர்மன் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஒன்று: 2021 வரை அந்த மாநிலத்தில் ஒரே ஓட்டுதான், தொகுதி வேட்பாளருக்குப் போட்டதே கட்சிக்கும் சேரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஓட்டு, வாக்களிக்கும் வயதும் 16. வால்-ஓ-மாட் உதவுவது கட்சிக்கான இரண்டாவது ஓட்டுக்கு மட்டும். தொகுதி வேட்பாளரைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.