விக்கிட்டா, அவென்யூ கியூவா?

அமெரிக்க மேடை நாடகங்களுக்கான 2004 டோனி விருதில் சிறந்த இசை நாடகமாக எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்ற சண்டை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. 'விக்கிட்' நடப்பது நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் மிகப் பெரிய அரங்கான கெர்ஷ்வினில். முதல் பாதி முடிவில் பச்சை முகச் சூனியக்காரி மேலே எழும்பும்போது அரங்கமே அதிரும். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் இரண்டாம் பாதியில் கதை தடுமாறுகிறது.

பொம்மைகள் நடிக்கும் 'அவென்யூ கியூ' பிராட்வேக்கு வந்தது சின்ன கோல்டன் அரங்கில். பொம்மையை ஆட்டுபவர் ஒளிவதே இல்லை, பக்கத்திலேயே நின்று பாடுகிறார். கொஞ்ச நேரத்தில் நம் கண் அவரை விட்டுவிட்டுப் பொம்மையின் முகத்தையே பார்க்கும். அதுவும் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு என்ன செய்வதென்று முழிக்கும் பொம்மை! இசை, கதை, சிறந்த இசை நாடகம் மூன்று விருதுகளையும் 'அவென்யூ கியூ'வே தட்டிச் சென்றது. சரியான தீர்ப்பு என்பேன். 'விக்கிட்'டில் அந்தச் சூனியக்காரியாக நடித்த இடினா மென்சலுக்குக் கிடைத்த சிறந்த நடிகை விருதும் நியாயம்தான்.

வசூல் வேறு கதை. 'அவென்யூ கியூ' 2009இல் பிராட்வேயை விட்டு இறங்கியது. 'விக்கிட்' 20 ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது.